நிறம் மாறும் இரும்பும் என் பொறாமையும்

எங்கள் தோல் தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் இந்த முறை ஆளுக்கொரு பீங்கான் கோப்பை கொடுத்தார்கள். பார்க்கக் கறுப்பு. சூடாக எதையாவது ஊற்றினால் கறுப்பு மெல்ல விலகி, உள்ளே வரைந்திருக்கும் ரோஜாப் பூ தெரியும். ஆறியதும் பழையபடி மூடிக்கொள்ளும். நேற்று பதினோரு மணி டீ வந்தபோது, என்னோடு சோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பர்வீன் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், சூடு பட்டா மட்டும் எப்டி மேடம் கலர் மாறுது? இன்னா போட்டிருப்பாங்க?" என்று கேட்டாள்.

அது ஒரு வகைச் சாயம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இத விட அழகா மாறுற பொடி ஒண்ண நானே செஞ்சிருக்கேன், காலேஜ்ல" என்றேன்.

"நீங்களா மேடம்? தனியாவா?"

"ஆமா."

பார்த்தாயா? ஒரே மேசையில் என்னோடு அதே பொடியைச் செய்த நீ செத்துப்போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இன்னும் உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு டீக்கோப்பை விஷயத்தில்கூட உனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

துக்கத்தில் இந்த மடலை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. துக்கம் இல்லாமலில்லை. ஆனால் உன்னை நினைத்தால் முதலில் வருவது அது இல்லை. பொறாமைதான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கல்லூரிக்குப் போகும் ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டது அது. நீ ஜோலார்பேட்டையில் ஏறுவாய். வண்டி புறப்படும் இடமே அது என்பதால் உனக்கு எப்போதும் ஜன்னலோரம். நான் குடியாத்தத்தில் ஏறும்போது காலூன்ற இடமிருக்காது. நீ பக்கத்து இடத்தில் உன் பையை வைத்துக்கொண்டு, வாணியம்பாடியில் ஏறியவர், ஆம்பூரில் ஏறியவர் எல்லோரிடமும் சண்டை போட்டபடி வந்திருப்பாய். "ஆளு வருதுங்க, குடியாத்தத்துல ஏறும்" என்று நீ சொல்வதைக் கேட்டுக்கேட்டு, வாடிக்கையாக வருகிற ஒரு பால்காரர் என்னைப் பார்த்ததும் "வந்துட்டாங்கம்மா உங்க ஆளு" என்பார். அப்படி எனக்காகக் காத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இவள் ஒரு நாளாவது ஜன்னலை எனக்குத் தருகிறாளா பார் என்று மனதுக்குள் முணுமுணுத்தவள் நான்.

உன் அப்பா ரயில்வேயில் கீமேன். தினமும் தண்டவாளத்தின் மேல் நடந்து இறுக்கம் சரிபார்க்கிறவர். எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின, லுங்கி நெசவு. ரயில் சத்தம் வந்தால் போய்விடும், தறிச் சத்தம் போகாது. நீ உட்கார்ந்து படித்த ரயில்வே குவார்ட்டர்ஸில், இரண்டு ரயிலுக்கு நடுவே கிடைக்கும் அந்த அமைதி மேல்கூட எனக்குக் கண் இருந்தது.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் நம் வேதியியல் மேடம் நம் இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார். இரும்பு உப்பையும் ஒரு கரிமச் சேர்மத்தையும் கலந்து ஒரு பொடி செய்ய வேண்டும். சாதாரணமாக அது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். வெந்நீரில் வைத்தால் வெளுத்து வெள்ளையாகிவிடும். எடுத்து ஆறவிட்டால் மறுபடி கத்தரிப்பூ. நிறம் மட்டுமா மாறியது? பழைய காந்தத் தராசு ஒன்று இருந்ததே, இரண்டு காந்தங்களுக்கு நடுவே கண்ணாடிக் குழாயைத் தொங்கவிட்டு எடை பார்ப்பது. கத்தரிப்பூப் பொடியைக் காந்தம் சீண்டவே சீண்டாது. அதே பொடி வெள்ளையாகிவிட்டால் காந்தம் இழுக்கும், முள் நகரும்.

மேடம் சொன்ன விளக்கம் எனக்கு வரி தவறாமல் மனப்பாடம். இரும்பின் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள். குளிர்ச்சியில் ஜோடி ஜோடியாக ஒடுங்கிக்கொள்கின்றன. சூடு ஏறினால் நான்கு பிரிந்து தனியாக நிற்கின்றன. தனியாக நிற்பவைதான் காந்தத்துக்கு ஆகும். நான் இதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். நீ எழுதவே இல்லை. குழாயை வெந்நீரிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக, அது மாறுவதையும் திரும்புவதையும் ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிடக்கூட வரவில்லை.

ஆனால் உன் கையில் பொடி நிற்காது. இரண்டே நாளில் பழுப்பேறிவிடும். காற்றுப் பட்டு இரும்பு கெட்டுவிடுகிறது என்று நம் இருவருக்குமே தெரியும். தடுப்பதற்கு நைட்ரஜன் வாயு வேண்டும். நம் கல்லூரியில் அந்த உருளை எப்போதும் காலி. என்னுடையதும் முதலில் பழுப்பாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் உயிர்வேதியியல் துறையில் யாரோ இரும்பு அளக்கும்போது கரைசலில் ஒரு சிட்டிகை அஸ்கார்பிக் அமிலம் போடுவதைப் பார்த்தேன். வைட்டமின் சி, வேறொன்றுமில்லை. கேட்டு வாங்கி, தாளில் மடித்து, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து என் பொடி கெடவில்லை.

உனக்குச் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. நீ ஒவ்வொரு தொகுதியாகச் செய்து, ஒவ்வொன்றாகப் பழுப்பாகி, குப்பியைக் கழுவப் போகும்போதெல்லாம் நான் குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தேன். மேடம் என் குப்பியை உயர்த்திப் பிடித்து, "கை சுத்தம்னா இதான்" என்று வகுப்பில் காட்டியபோது என் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் தீப்பெட்டி தேடி என் மேலங்கிப் பையில் கைவிட்டாய். மடித்த தாள் வந்தது.

"இன்னாடி இது?"

"உப்பு."

சோதனைக் கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. நீ வைத்தாய். "உப்பு புளிக்காதே" என்றாய். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். "எவ்ளோ போடணும்?" என்று மட்டும் கேட்டாய். சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. மறுநாள் காலை ரயிலில் என் இடத்தின் மேல் உன் பை வழக்கம்போல் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். என் பொடியைப் பார்த்து மிகவும் பாராட்டினார். உன்னுடையது சுமார்தான். கடைசியில் நம் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து, "இதனால் என்ன பயன்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். தகவல் சேமிக்கலாம், வெப்பம் அறியலாம் என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

நீ, "பயன் எனக்குத் தெரியல சார்" என்றாய். "எனக்கு வேற ஒண்ணு தெரியணும். இந்தப் பொடியில கோடிக்கணக்குல மூலக்கூறு நெருக்கமா உட்கார்ந்திருக்கு. ஒண்ணு மாறினதும் பக்கத்துல இருக்கறது மாறுது. அத்தனையையும் விட்டுட்டு ஒரே ஒரு மூலக்கூற எடுத்து ஒரு உலோகத் தகடு மேல தனியா உட்கார வெச்சா, அதுக்கு மாறத் தெரியுமா சார்?"

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "உட்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். உன்னைத்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

உன் மதிப்பெண் மேல் எனக்குப் பொறாமை வந்ததில்லை, என்னுடையதுதான் அதிகம். அந்தக் கேள்வி மேல் வந்தது. ஒரே பொடி, ஒரே மேசை, ஒரே வெந்நீர். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அந்தக் கோடையில் நீ பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தேர்வாகிப் போனாய். மேடம் உனக்கு மட்டும்தான் விண்ணப்பம் தருவித்துக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் போய்க் கேட்கலாம். கேட்கவில்லை, வீம்பு. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேதியியல் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது, சேர்ந்துவிட்டேன்.

இது மட்டமான வேலை இல்லை. உனக்கு அது தெரியும். ஊரில் சிலருக்குத்தான் தெரியாது. பச்சைத் தோல் அழுகும். அதைக் குரோமியம் உப்போடு பெரிய மர டிரம்மில் போட்டுச் சுழற்றினால் நீலமாக, ஈரமாக, அழுகாத பொருளாக வெளியே வரும். ஒரு துண்டு வெட்டி, தாளில் அதன் ஓரம் வரைந்துகொண்டு, கொதிநீரில் போட்டு எடுத்து, சுருங்கியிருக்கிறதா என்று வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் சரக்கு தேறிவிட்டது. அந்தக் கோட்டை ஆயிரக்கணக்கான தடவை வரைந்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமானது. இவர் காலணித் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நீ ஜெர்மனிக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வேகும்போது உன் அழைப்பு வரும். காற்றே இல்லாத எஃகுக் கூண்டு, அதற்குள் பளபளவென்று செம்புத் தகடு, அதன்மேல் உன் மூலக்கூறுகள், அவற்றுக்கு மேல் நுனியில் ஒரே அணு இருக்கும்படியான ஊசி. "மஞ்சு, நான் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாக்கறேன்டி" என்று முதல் தடவை நீ கத்தியபோது நான் "அப்டியா" என்றேன். "இரு, குக்கர் விசில்" என்று போனை வைத்தேன். அன்று நான் குக்கரே வைக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் உனக்குக் கெட்ட காலம். ஒரு ஞாயிறு உன் குரலே சரியில்லை.

"ஒரே பேஜாரா இருக்குடி. மாறவே மாட்டேங்குது. செம்பு மேல வெச்சதும் அப்டியே மாட்டிக்குது. தங்கத்து மேல வெச்சா ஒடைஞ்சே போவுது. உலோகம் ரொம்ப ஜாஸ்தியா பிடிக்குது, விடவே மாட்டேங்குது."

எனக்கு அப்போது என்ன தோன்றியது, தெரியுமா? மகிழ்ச்சி. நீ கேட்ட கேள்விக்கு விடை 'இல்லை' என்று வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி. அந்தத் தெம்பில் கொஞ்சம் மேதாவித்தனம் பண்ணினேன்.

"இதுக்குப் போயா? குரோமும் அப்டித்தான். சும்மா ஊத்தினா மேல் தோலையே பிடிச்சிக்கும், உள்ள போவாது. நாங்க ஃபார்மேட் போட்டு மாஸ்க் பண்ணித்தான் அனுப்புவோம்."

"மாஸ்க்குன்னா?"

"குரோமோட கையில வேற எதையாச்சும் குடுத்துடறது. கை காலியா இருந்தாத்தானே பாக்கறதையெல்லாம் பிடிக்கும்? கொஞ்சம் கம்மியா பிடிக்கும், பொறுமையா போவும்."

"லைன்ல இருக்கியா?" என்றேன். "இருக்கேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய்.

எட்டு மாதம் கழித்து உன் கட்டுரை வந்தது. மூலக்கூறின் ஓரங்களில் பருத்த கிளைகளை ஒட்டிவைத்து, உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் எட்டி உட்காரும்படி செய்திருந்தாய். ஊசியில் மின்னழுத்தம் ஏற்றினால் மாறியது, இறக்கினால் திரும்பியது. தனியாக, ஒன்றே ஒன்று. படத்தில் வரிசையாகப் புள்ளிகள். நடுவில் ஒரு புள்ளி மட்டும் மங்கல், அடுத்த படத்தில் அதுவும் பளிச்சென்று. கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்கிற பத்தியின் கடைசி வரியில், தோல் பதனிடுவது பற்றிய ஒரு பயனுள்ள உரையாடலுக்காக என்று என் பெயர்.

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. அச்செடுத்து, தன் தொழிற்சாலையில் ஒவ்வொருவரிடமும் காட்டினார். "உன் பேரு ஜெர்மனி வரைக்கும் போய்டுச்சி பாரு!" நான் அந்தத் தாளை மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். ஆறு பேர் கட்டுரைக்கு ஆசிரியர்கள். நான் நன்றியில் கடைசி. அப்படிக்கூட இல்லாமல் இருந்திருந்தால் உன்னைத் திட்டவாவது முடிந்திருக்கும். உன் ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினேன்.

நீ லீவில் வந்தபோது நேராக ஆம்பூருக்கு வந்து, தொழிற்சாலை வாசலில் நின்றாய். தப்பிக்க வழியில்லை. பஜாரில் அந்த மாடி பிரியாணிக் கடைக்குப் போனோம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. பிரியாணி வந்தது, கத்திரிக்காய்த் தொக்கு வந்தது, இருவரும் தொடவில்லை.

"போன் ஏன்டி எடுக்கல?"

"வேலை."

"மஞ்சு, பொய் சொல்லாத. பேரு போட்டது தப்பா?"

"பிச்சை போட்ட மாதிரி கடைசில ஒரு வரி. அதுக்கு நான் பல்லக் காட்டணுமா?"

"வேற எங்கடி போடுவேன்? அந்த ஒரு பேச்சு இல்லன்னா நான் எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வந்திருப்பேன்."

"போட்ட இடத்தப் பத்தி இல்ல" என்றேன். "எனக்கு உன் இடம் வேணும். காலேஜ்லேர்ந்து எனக்கு உன்னப் பாத்தா எரியுது. நீ ஒண்ணும் பண்ணல. ஆனா எரியுது."

பரிமாறுகிறவர் வந்து, "பிடிக்கலியாம்மா, மாத்தித் தரவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் சொன்னாய்.

"நான் ஒண்ணும் பண்ணலன்னு உனக்கு யாரு சொன்னது?"

மேடம் இரண்டு விண்ணப்பங்கள் வரவழைத்திருந்தார் என்றாய். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு மஞ்சுளாவுக்கு, ரயில்ல குடுத்துடு" என்று உன்னிடம் கொடுத்தார். நீ என்னிடம் தரவில்லை. கடைசித் தேதி போன பிறகு மேடத்திடம், அவளுக்கு விருப்பமில்லையாம், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம் என்று சொன்னாய்.

"உன் கை எனக்கு இல்லடி. அங்க செய்முறைத் தேர்வு வெப்பாங்கன்னு சொன்னாங்க. நீ வந்தா என்ன எடுக்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன். இன்னிக்கும் என் மூலக்கூற எனக்கு வேற ஆளுதான் செஞ்சி குடுக்கறாங்க. நான் ஊசிய வெச்சிப் பாக்கறதோட சரி. ஒவ்வொரு தடவையும், இவ இருந்தா பழுப்பே ஆவாதேன்னு நெனப்பேன்."

நீ அழுதாய். நான் அழவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது கோபமே இல்லை. சந்தோஷம். என்னைப் பார்த்து நீ பயந்திருக்கிறாய்! நீ, என்னைப் பார்த்து! இலையிலிருந்த பிரியாணியை முழுக்கச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் தொக்குக்கூடக் கேட்டு வாங்கினேன். உன்னைப் பேருந்து ஏற்றிவிட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்பி, கோடு வரைந்து, தோல் துண்டைக் கொதிநீரில் போட்டுவிட்டு நிற்கும்போதுதான் உறைத்தது. நான் நின்றுகொண்டிருக்கும் இடம் நானாக வந்த இடம் இல்லை. துண்டை எடுக்க மறந்தேன். வேலைக்கு வந்து முதல் தடவையாக ஒரு சோதனை வீணாகியது.

பத்து மாதம் உன்னிடம் பேசவில்லை. மூன்று வாரம் நான் மறைத்ததையும் நீ என்னிடமிருந்து மறைத்த விண்ணப்பத்தையும் தராசில் வைத்து வைத்துப் பார்த்தேன். சமமாக வரவே இல்லை. உன் பக்கம்தான் கனம். இன்றும் அப்படித்தான்.

பிறகு உன் அண்ணன் போன் பண்ணினார். ரத்தத்தில் புற்றுநோய், வேலூருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம், உங்களைக் கேட்கிறாள் என்றார். வந்தேன். தலையில் முடி இல்லாமல், சின்னப் பெண் மாதிரி படுத்திருந்தாய். உன் முன்னால் கணினித் திரை. அதில் ஜெர்மனியிலிருந்து உன் மாணவர்கள் நாலைந்து பேர். ஒரு பெண் பேச முடியாமல் அழுதுகொண்டிருந்தாள். வாசலில் நின்ற எனக்கு, கடவுளே, அப்போதும் பொறாமை வந்தது. நான் படுத்தால் இப்படி யார் அழுவார்கள் என்று.

திரையை மூடிவிட்டு என்னைப் பார்த்தாய். "இன்னும் கோவமாடி?"

"ஆமா."

"சரி. ஒக்காரு."

அதற்கப்புறம் வாராவாரம் வந்தேன். கோபமாகவே வந்தேன், கோபமாகவே ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. உன் வேலையைப் பற்றிப் பேச உனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையைக் கேட்டாய். டிரம் எவ்வளவு நேரம் சுற்றும், நீலம் எப்போது உள்ளே இறங்கும், கோடு எதற்கு வரைகிறோம். ஒரு சாயங்காலம், கண்ணை மூடித்தான் இருந்தாய், திடீரென்று கேட்டாய்.

"குரோம் போனா தோலு ஏன் சுருங்கறதில்ல?"

"நாரோட நார கட்டிப் போட்டுடும்."

"எத்தினி குரோம் அணு சேர்ந்து ஒரு கட்டு? ஒண்ணா, ரெண்டா, நாலா? ஒரு நாருல ஒரே ஒரு கட்டு மட்டும் இருந்தா தாங்குமா?"

இப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த நாற்றத்தில் இத்தனை வருடம் நின்றவள் நான். ஒரு தடவை தொழிற்சாலை வாசல் வரை வந்தவள் நீ. அதுவும் படுத்துக்கொண்டு, கையில் ஊசியோடு, கண்ணைக்கூடத் திறக்காமல்!

"எங்க வேலையயும் விட மாட்டியா நீ?" என்றேன். நிஜமான ஆத்திரத்தோடுதான் சொன்னேன். நீ சிரித்தாய். சிரிக்க வலித்ததால் பாதியில் நிறுத்தினாய்.

பன்னிரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய். ஜோலார்பேட்டையில் உன் அப்பா, ஓய்வுபெற்ற கீமேன், எல்லோரிடமும் "எம்பொண்ணு ஒரு அணுவ தனியா பாத்தவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூலக்கூறு என்று திருத்த நாக்கு வரை வந்தது. திருத்தவில்லை.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் வேலை நேரத்தில் விடவில்லை. கோடு வரையும் ஒவ்வொரு முறையும் எத்தனை, எத்தனை என்று கேட்டது. பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்; முடிந்த முடிவு எதுவும் இல்லை. போன ஜூனில் வேலூரில் ஒரு கல்லூரியில் பகுதிநேர ஆராய்ச்சிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் நான்கு பேர். நடுவில் இருந்தவர் என்னைவிட வயதில் சின்னவர். "நாப்பத்தி மூணு வயசுல எதுக்கும்மா இது? பிரமோஷனுக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். பொறாமை" என்றேன்.

நால்வரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இடம் கிடைத்தது.

இப்போது சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். கை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது. உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்காதே, அது இன்னும் வெகு தூரம். ஆனால் போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. ஒரே டிரம்மில், ஒரே நேரத்தில் பதமான இரண்டு தோல்கள். இரண்டிலும் குரோம் அளவு ஒன்று. ஒன்று கொதிநீரைத் தாங்கியது, மற்றது ஓரத்தில் சுருண்டது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. அளவு ஒன்றாக இருந்தும் பிடி வேறாக இருக்கிறது என்றால், எத்தனை என்பது கேள்வியே இல்லையோ? எந்த இடத்தில் என்பதுதான் கேள்வியோ?

இது எனக்குத் தோன்றியது. எனக்கு. நீ இதைக் கேட்கவில்லை, நேர்காணலில் யாரும் கேட்கவில்லை, நான் தேடிய வரை எந்தக் கட்டுரையிலும் இல்லை. சோதனைக் கூடத்தின் நடுவில் கையுறையோடு நின்று சத்தமாகச் சிரித்தேன். முதலில் வந்த நினைப்பு: இது தெரிந்தால் அவளுக்கு வயிறு எரியும். கையுறையைக் கழற்றினேன், போனை எடுத்தேன், உன் பெயர் வரை போனேன்.

எண் இன்னும் இருக்கிறது. நான் அழிக்கவில்லை. வயிறு எரிய நீதான் இல்லை.

பிறகு அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டேன். உன்னைப் பற்றிய இந்த எரிச்சலை நான் இறக்கிவைக்கப் போவதில்லை. அதை வைத்துத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்து ஏறுகிறேன். இனி, நீ பட்டிருக்க வேண்டிய எரிச்சலையும் சேர்த்து நானே சுமக்க வேண்டியிருக்கிறது. அதுதான் கனமாக இருக்கிறது.